வைஃபைக்கு இரண்டு பூட்டு: வீட்டு ரவுட்டரைப் பாதுகாப்பாக அமைக்க முழு வழிகாட்டி

மாலை ஆறு மணிக்கு மேல் இணையம் நகரவே மாட்டேன் என்கிறது என்று அத்தை கூப்பிட்டு அனுப்பினார். சுங்கை சிப்புட்டில் கைப்பேசியும் கணினியும் பழுது பார்ப்பது என் தொழில். அன்று காலை அத்தை வீட்டிலேயே பசியாறிவிட்டு ரவுட்டருக்குள் நுழைந்தேன். எந்தெந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன என்று காட்டும் பட்டியலைத் திறந்தால், மொத்தம் 31. வீட்டில் இருப்பது நான்கு பேர்.

"யாருக்கெல்லாம் பாஸ்வேர்ட் குடுத்தீங்க, அத்தை?"

"பக்கத்து வீட்டுப் பையனுக்கு மட்டுந்தான்யா. எம்சிஓ நேரத்துல ஆன்லைன் வகுப்புன்னு வாசல்ல வந்து நின்னான். படிக்கிற பிள்ளைக்கு இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

சொல்லக் கூடாதுதான். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, நம் தாமான்களிலும் தோட்டத்து லயங்களிலும் ஒரு வீட்டு வைஃபையில் நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். அது நல்ல காரியம். ஆனால் அந்தக் கடவுச்சொல் அந்தப் பையனோடு நிற்கவில்லை. ஆண்ட்ராய்டு 10 முதல், இணைந்திருக்கும் யாரும் தன் கைப்பேசியில் ஒரு கியூஆர் கட்டத்தைக் காட்டி இன்னொருவரை உள்ளே சேர்த்துவிடலாம். அவர் இன்னொருவரைச் சேர்ப்பார். இப்படியே வரிசை வீடுகள் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

என்னை அதைவிடக் கலங்க வைத்தது இன்னொன்று. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நான் நுழைந்த பெயரும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த தாளில் அச்சடித்தவையே. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி வரும் எளிய சொற்கள் அவை. வைஃபையில் இருந்தவர்களில் யார் நினைத்திருந்தாலும் உள்ளே புகுந்து எதையும் மாற்றியிருக்க முடியும்.

ரவுட்டருக்கு இரண்டு பூட்டு உண்டு. ஒன்று வைஃபை கடவுச்சொல். அது காற்றில் போகும் தகவலைப் பூட்டுகிறது. மற்றது நிர்வாகக் கடவுச்சொல். அது பெட்டியின் அமைப்புகளை மாற்றும் உரிமையைப் பூட்டுகிறது. நான் போகும் வீடுகளில் பெரும்பாலானோருக்கு முதல் பூட்டு மட்டுமே தெரியும். இரண்டையும் ஒழுங்காகப் போட்டுவிட்டால், கேட்டு வருகிறவருக்கு இல்லையென்று சொல்லவே வேண்டியதில்லை. அது எப்படி என்று பின்னால் வருகிறேன்.

பில் யார் பெயரில் இருக்கிறது?

இதைச் சொல்லாமல் அடுத்ததற்குப் போக எனக்கு மனம் வரவில்லை. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவு 2012இல் நடப்புக்கு வந்தது. ஓர் இணைய இணைப்பிலிருந்து ஏதாவது வெளியிடப்பட்டால், அந்த இணைப்பு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே அதை வெளியிட்டவர் என்று அனுமானிக்க அந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது. தான் வெளியிடவில்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழும். இணைப்பு அத்தை பெயரில் இருக்கிறது. நாலு வீடு தள்ளி இருக்கும் யாரோ ஒருவர் அதே இணைப்பில் இருந்துகொண்டு இன்னொருவரை இழிவாக எழுதினால், முதல் கேள்வி அத்தையிடம்தான் வரும். இணைய வேகம் குறைவதையெல்லாம் இதற்கு அடுத்தபடியாகத்தான் வைப்பேன்.

தொடங்கும் முன்

காலையில் உட்காருங்கள். நம் பக்கம் இடியும் மின்னலும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். வேலை பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனால் பெட்டியே கெட்டுவிடக்கூடிய ஒரு கட்டம் இதில் இருக்கிறது. ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

எந்தப் பெட்டி என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைபர் இணைப்புள்ள வீட்டில் இரண்டு பெட்டி இருக்கலாம். கண்ணாடி இழைக் கம்பி வந்து நுழைவது மோடம். அதிலிருந்து இன்னொரு கம்பி வாங்கி வைஃபையைப் பரப்புவது ரவுட்டர். சில வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். ஃபைபர் எட்டாத தோட்டத்து வீடுகளில் சிம் போடும் ரவுட்டர் இருக்கும். மூன்றுக்கும் வேலை ஒன்றுதான்.

வைஃபையைப் பரப்பும் பெட்டியைத் திருப்பி, அடியில் உள்ள தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயோ பின்பக்கமோ 'ரீசெட்' என்று எழுதிய ஊசித் துளை ஒன்று இருக்கும். அதில் கை வைக்காதீர்கள். ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் இணைய நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டருக்குள்ளேயே பதிந்திருக்கும். துளையை அழுத்தினால் அவையும் அழிந்து இணைப்பே நின்றுபோகும். "ஊசியால குத்தினா சரியாயிடும்னு சொன்னாங்க" என்று குத்திவிட்டு என்னைக் கூப்பிடுகிற வீடு மாதம் ஒன்றாவது இருக்கும்.

உள்ளே நுழைவது

மடிக்கணினி இருந்தால் நல்லது. கைப்பேசியும் போதும், ஆனால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் இருங்கள். உலாவியின் முகவரிப் பட்டையில் ரவுட்டரின் எண்ணைத் தட்டுங்கள். அது பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். அடியில் உள்ள தாளிலும் எழுதியிருக்கும். இரண்டுமே வேலை செய்யாவிட்டால் ஐபோனில் செட்டிங்ஸ், வைஃபை, இணைப்பின் பக்கத்தில் உள்ள சிறிய 'ஐ' குறி என்று போனால் 'ரவுட்டர்' என்ற வரியில் எண் தெரியும். ஆண்ட்ராய்டில் அதே இடத்தில் 'கேட்வே' என்று இருக்கும்.

எண்ணைத் தேடல் பக்கத்தில் போட்டுத் தேடாதீர்கள். முகவரிப் பட்டையிலேயே நேராகத் தட்ட வேண்டும். தேடலில் வரும் பக்கங்களில் போய்ப் பயனர் பெயரைக் கொடுத்தால், அதை யாரிடம் கொடுத்தோம் என்று உங்களுக்கே தெரியாது.

பக்கம் பாதுகாப்பற்றது என்று உலாவி எச்சரிக்கலாம். வெளியில் உள்ள இணையத்தளம் ஒன்றில் அப்படி வந்தால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். இங்கே நீங்கள் பேசுவது மூன்றடி தள்ளி இருக்கும் உங்கள் சொந்தப் பெட்டியோடு, ஆகையால் தொடரலாம்.

தாளில் உள்ள கடவுச்சொல் ஏற்கப்படாவிட்டால், முன்பு வந்த டெக்னிசியன் மாற்றி வைத்திருக்கலாம். இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நிர்வாகப் பூட்டு

முதலில் இதைத்தான் மாற்ற வேண்டும். 'சிஸ்டம்', 'அட்மினிஸ்ட்ரேஷன்', 'மேனேஜ்மென்ட்' என்று பெயர் பெட்டிக்குப் பெட்டி மாறும். அதற்குள் கடவுச்சொல் மாற்றும் இடம் இருக்கும். வைஃபைக்கு வைப்பதையே இதற்கும் வைக்காதீர்கள். வைஃபை சொல்லைப் பத்துப் பேரிடம் சொல்வோம். இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

2016இல் மிராய் என்ற தீநிரல் பரவியது. அது பெரிய தந்திரம் எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைக்கும் பெயரும் கடவுச்சொல்லுமாக அறுபதுக்கும் மேற்பட்ட இணைகளைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, இணையத்தில் அகப்பட்ட சிசிடிவி கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. பொருந்திய பெட்டிகளையெல்லாம் தன் ஆளாக்கிக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21இல் அந்தப் பெட்டிகளெல்லாம் சேர்ந்து டிஎன்எஸ் என்ற இணைய விலாசச் சேவை நடத்தும் ஒரு பெரிய நிறுவனத்தைத் தாக்க, டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் திறக்கவில்லை. தொழிற்சாலையில் வைத்த சொல் மாறாமலே கிடந்ததுதான் மூல காரணம்.

சிம் ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் ஆபத்து. பல சிம் ரவுட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் அந்த சிம்முக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படிக்கவும் அனுப்பவும் முடியும். அந்த எண்ணை எங்காவது பதிந்து வைத்திருந்தால், வரும் சரிபார்ப்புக் குறியீடுகள் உள்ளே புகுந்தவர் கண்ணில் படும்.

புதிய சொல்லை நோட்டில் எழுதுங்கள். தாளில் எழுதக் கூடாது என்று சிலர் சொல்வார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. இந்த ஆபத்து காற்றிலும் கம்பியிலும் வருவது. உங்கள் அலமாரியைத் திறந்து நோட்டைப் படிக்கப்போகிற திருடன் ரவுட்டருக்காக வரமாட்டான். பெட்டி மேலேயே ஒட்டி வைக்காமல் இருந்தால் போதும்.

பெட்டியின் உள்நிரலைப் புதுப்பித்தல்

'ஃபர்ம்வேர் அப்டேட்' என்ற இடத்தைத் தேடுங்கள். புதியது இருந்தால் ஏற்றுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். இந்த ஐந்து, பத்து நிமிடங்களில் மின்சாரம் போகக் கூடாது. காலையில் உட்காரச் சொன்னது இதற்காகத்தான். பெட்டி தானே அணைந்து மறுபடியும் தொடங்கும். விளக்குகள் நிலைக்கும்வரை தொடாதீர்கள்.

2017இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த மேத்தி வான்ஹூஃப் என்ற ஆய்வாளர், உலகம் முழுக்க நம்பியிருந்த டபிள்யூபிஏ2 என்ற வைஃபை குறியாக்க முறையில் கிராக் என்று பெயரிட்ட ஓட்டை ஒன்றைக் காட்டினார். கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்த ஓட்டை அடைபடாது. நிறுவனங்கள் கொடுத்த புதுப்பிப்பை ஏற்றியவர்களுக்கே அது அடைபட்டது. அது ரவுட்டரை விடக் கைப்பேசி, மடிக்கணினிப் பக்கத்தையே அதிகம் தாக்கியது. ஆகவே அவற்றையும் கையோடு புதுப்பித்துவிடுங்கள்.

குறியாக்கம்: எதைத் தேர்வது?

'வயர்லெஸ்' பகுதிக்குள் 'செக்யூரிட்டி' என்று இருக்கும். அதைத் தட்டினால் ஒரே மாதிரி ஒலிக்கும் நாலைந்து பெயர்கள் வரிசையாக வரும். இங்கேதான் பலர் திகைத்துப்போய் இருந்ததையே விட்டுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வைஃபை என்பது வானொலி அலை. மின்னல் பண்பலையை யார் வேண்டுமானாலும் கேட்கிற மாதிரி, உங்கள் ரவுட்டர் பேசுவதை வேலிக்கு வெளியே நிற்கிறவரின் கருவியும் கேட்கிறது. கேட்பதைத் தடுக்க முடியாது. கேட்டாலும் புரியாதபடி செய்வதுதான் குறியாக்கம்.

பட்டியலில் 'ஓப்பன்' என்றால் பூட்டே இல்லை. டபிள்யூஇபி 1997இல் வந்த முதல் பூட்டு. 2001லேயே அதை உடைக்கும் வழி வெளியாகிவிட்டது, இன்று சில நிமிட வேலை. உங்கள் பெட்டியில் அது ஒன்றுதான் இருக்கிறதென்றால் அந்தப் பெட்டியை மாற்றுங்கள். டபிள்யூபிஏ 2003இல் அவசரத்துக்கு வந்த ஒட்டுவேலை. அது பயன்படுத்திய டிகேஐபி முறையும் காலம் கடந்தது. 2004இல் வந்த டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்ற உறுதியான குறியாக்கத்தைப் பயன்படுத்துகிறது. 2018இல் வந்தது டபிள்யூபிஏ3. 2020 ஜூலை முதல், வைஃபை கூட்டமைப்பின் சான்று பெறும் புதுக் கருவி எதிலும் அது இருந்தாக வேண்டும்.

டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைக்க முடிந்தால் அதுவே சிறந்தது. வீட்டில் பழைய அச்சுப்பொறியோ, பழைய கைப்பேசியோ, சிசிடிவி கேமராவோ இருந்தால் அவை இணைய மறுக்கலாம். அப்போது டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் சேர்ந்த கலப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூபிஏ3 இல்லாத பெட்டியில் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ். டிகேஐபியும் ஏஇஎஸ்ஸும் சேர்ந்த தேர்வைத் தொடாதீர்கள். டிகேஐபியில் இணையும் கருவியின் வேகம் 54 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது. முந்நூறு மெகாபிட்டுக்குக் காசு கட்டிவிட்டு ஐம்பதைத் தாண்டாமல் தவித்த வீடு ஒன்றில் குற்றவாளி இந்த ஒரு வரிதான். 'பர்சனல்', 'என்டர்பிரைஸ்' என்று கேட்டால் வீட்டுக்குப் பர்சனல்.

2க்கும் 3க்கும் என்ன வித்தியாசம்? நம் ஊருக்கு அது மிகவும் பொருந்துகிற வித்தியாசம். டபிள்யூபிஏ2இல், ஒரு கருவி ரவுட்டரோடு கைகுலுக்கும் அந்தக் கணத்தைப் பதிவு செய்துகொண்டவர், வீட்டுக்குப் போய் நிதானமாக லட்சக்கணக்கான சொற்களைப் போட்டுப் பார்க்கலாம். ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. அதோடு, கடவுச்சொல் தெரிந்த ஒருவர் அதே வைஃபையில் இருக்கும் மற்றவருடைய தகவலையும் பிரித்துப் படிக்க முடியும். வங்கிப் பக்கம், வாட்ஸ்அப் எல்லாம் தனியாகவே குறியாக்கம் செய்தவை, அவை தப்பும். எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது போன்ற விவரங்கள் அகப்பட்டுவிடலாம். டபிள்யூபிஏ3இல் ஒவ்வொரு முயற்சிக்கும் ரவுட்டர் எதிரே நின்று கேட்க வேண்டும், எடுத்துக்கொண்டு போய் உடைக்க முடியாது. சொல் தெரிந்தவராலும் பதிவு செய்த அடுத்தவர் பேச்சைப் பிரிக்க முடியாது. ஒரே கடவுச்சொல்லைப் பல பேர் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் இது பெரிய விஷயம்.

பல ரவுட்டர்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கும். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதைப் பழைய சொல்லோடு விட்டுவிடுகிறார்கள். முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்து வைத்த கதைதான். இரண்டையும் மாற்றுங்கள்.

நல்ல கடவுச்சொல்

எட்டு எழுத்திலிருந்து 63 எழுத்து வரை வைக்கலாம். இங்கே நான் அதிகம் பார்ப்பது கைப்பேசி எண்ணைத்தான். கணக்குப் பாருங்கள். நம் நாட்டுப் பத்திலக்கக் கைப்பேசி எண் 01 என்று தொடங்கும். மீதி எட்டு இலக்கம், அதாவது பத்துக் கோடி வாய்ப்பு. விளையாட்டுக்கென்று நல்ல கிராஃபிக்ஸ் அட்டை போட்ட கணினி டபிள்யூபிஏ2 சொற்களை நொடிக்குச் சில லட்சம் வீதம் சோதிக்கும். ஐந்து லட்சம் என்று வைத்தால் 200 நொடி. ஒரு தே தாரிக் ஆறுவதற்குள் முடிந்துவிடும். அடையாள அட்டை எண் பன்னிரண்டு இலக்கம் என்பதால் பலமானது என்று நினைக்கிறார்கள். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு மாநிலம், பேராக்கில் பிறந்தவருக்குப் பெரும்பாலும் 08. தெரியாதது கடைசி நான்கு மட்டுமே. காடி எண், பிள்ளை பெயரோடு பிறந்த ஆண்டு, இவையும் அப்படியே.

ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களைச் சேர்த்து எழுதுவதே நான் எல்லா வீட்டிலும் செய்வது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதினால் இன்னும் நல்லது. பல ரவுட்டர்கள் தமிழ் எழுத்தை ஏற்காது. சொற்களை மனத்திலிருந்து எடுக்காதீர்கள், மனம் எப்போதும் தெரிந்த இடத்துக்கே போகும். வீட்டில் இருக்கும் தமிழ்ப் புத்தகம் ஒன்றை ஐந்து முறை கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட சொல்லை எடுங்கள். முறம், பதினேழு, வாடகை, தும்பி, கடுதாசி என்பது போல வரும். இதையே வைத்துவிட வேண்டாம், இது இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. குறள் அடியும் பாட்டு வரியும் நீளமாக இருந்தாலும் வேண்டாம்.

ஒரு சிறு சங்கடம் நமக்கு மட்டும் உண்டு. 'ழ' வரும் சொல்லை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு விதமாக எழுதுவார், இன்னொருவர் வேறு விதமாக எழுதுவார். நெடில் எழுத்துக்கு ஒரு எழுத்தா, இரண்டு எழுத்தா என்று வாசலில் நின்று வாதம் நடக்கும். ழகரமும் நெடிலும் குறைவாக உள்ள சொற்களை எடுத்து, எழுத்துக் கூட்டி நோட்டில் எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

வைஃபையின் பெயரையும் மாற்றுங்கள். டபிள்யூபிஏ2இல் பெயரும் சொல்லும் சேர்ந்துதான் உண்மையான சாவி உருவாகிறது. எல்லாப் பெட்டிக்கும் பொதுவாக வரும் பெயர்களுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பட்டியல் வைத்திருப்பார்கள். புதுப் பெயரில் வீட்டு எண்ணோ உங்கள் பெயரோ வேண்டாம். பெயரை மறைத்து வைக்கும் வசதியால் பயனில்லை, உங்கள் கைப்பேசியே அந்தப் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டு போகும். ஒவ்வொரு கருவிக்கும் உள்ள மேக் முகவரி என்ற அடையாள எண்ணைப் பார்த்து, குறிப்பிட்ட கருவிகளை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டியும் அப்படித்தான். அந்த முகவரி குறியாக்கம் இல்லாமல் காற்றில் போகிறது, பார்த்து நகலெடுக்கலாம்.

சேமித்ததும் எல்லாக் கருவியும் துண்டிக்கப்படும். பயப்பட வேண்டாம். புதுச் சொல்லோடு திரும்ப இணைந்தால் சரி.

டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள்

பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ சுலபமாக இணைக்கும் வசதி இது. அந்த எட்டு இலக்கத்தில் கடைசி ஒன்று வெறும் சரிபார்ப்பு இலக்கம். மீதி ஏழையும் ரவுட்டர் ஒன்றாகப் பார்ப்பதில்லை. முதல் நான்கு சரியா தவறா என்று தனியாகச் சொல்லிவிடுகிறது, பிறகு அடுத்த மூன்று. பத்தாயிரம், அதற்கு மேல் ஆயிரம், ஆக 11,000 முயற்சியில் பூட்டு திறந்துவிடும். இது 2011 கடைசியில் வெளியானது. அதற்குப் பின் வந்த பெட்டிகள் பலவற்றில் தடுப்பு இருக்கிறது. உங்கள் பெட்டி எப்படியென்று சோதிப்பதை விட அணைப்பது எளிது. ஐந்து சொல் வைத்துப் பூட்டிய வீட்டுக்கு இப்படி ஒரு சின்னக் கதவு எதற்கு?

கேட்டு வருகிறவருக்கு: விருந்தினர் வலை

இனி அந்தப் பையனுக்கு வருவோம். அவன் எஸ்பிஎம் எழுதும் வயதுக்கு வந்துவிட்டான், இன்னும் படிக்கத்தான் வருகிறான். அவனுக்கு இணையம் வேண்டும். அத்தை வீட்டு அச்சுப்பொறியும், மாமாவின் மடிக்கணினியும், ரவுட்டரின் அமைப்புப் பக்கமும் அவனுக்கு வேண்டியதில்லை. இதற்காகவே பெரும்பாலான ரவுட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற வசதி இருக்கிறது. அதே பெட்டி இரண்டாவதாக ஒரு வைஃபையைப் பரப்பும். அதில் சேர்ந்தவர் இணையத்துக்குப் போகலாம், வீட்டுக் கருவிகளை எட்டிப் பார்க்க முடியாது. முன் திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது போல.

அதைத் திறந்து வேறு பெயர், வேறு கடவுச்சொல், மேலே சொன்ன அதே குறியாக்கம் வையுங்கள். 'வீட்டுக் கருவிகளை அணுக அனுமதி' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும், அதில் குறி இருக்கக் கூடாது. விருந்தினர் ஒருவரையொருவர் பார்க்காமல் பிரித்து வைக்கும் வசதி இருந்தால் போடுங்கள். வேக வரம்பு வைக்க முடிந்தால் பாதி வேகம் கொடுங்கள், மாலை ஆறு மணித் தொல்லை தீரும். இரவு பதினொன்றுக்குத் தானாக அணையும்படி வைக்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. அத்தை வீட்டில் அதையும் வைத்தேன். அந்தப் பையனின் அம்மாதான் நன்றி சொன்னார்.

இந்தச் சொல் எளிமையாக இருக்கலாம், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறட்டும். தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்கு ஒரு சொல் வைத்து, கியூஆர் கட்டமாக அச்செடுத்துக் கூடத்தில் ஒட்டுங்கள். மறுநாள் மாற்றிவிடுங்கள். ஆனால் 114ஏ பிரிவு விருந்தினர் வலைக்கும் சேர்த்துத்தான். அதை இரவும் பகலும் பூட்டில்லாமல் திறந்துவிடுவது உபகாரம் ஆகாது. யாரிடம் கொடுத்தோம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விருந்தினர் வலையில் ஆட்களை மட்டும் வைக்க வேண்டியதில்லை. சிசிடிவி கேமரா, வைஃபை விளக்கு, முக்கியமாகத் தமிழ்ப் படம் பார்க்க வாங்கிய ஆண்ட்ராய்டு பெட்டி, இவற்றையும் அங்கேயே தள்ளுங்கள். பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகள் சில, தொழிற்சாலையிலிருந்தே தீநிரலோடு வருவது 2023இல் பேட்பாக்ஸ் என்ற பெயரில் வெளிச்சத்துக்கு வந்தது. அப்படியொரு பெட்டி, நீங்கள் வங்கிக் கணக்கு பார்க்கும் கைப்பேசி இருக்கும் அதே வலையில் உட்காரக் கூடாது.

மீதிச் சன்னல்கள்

'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்றால் வெளியிலிருந்து இணையம் வழியாக ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் வசதி. அது அணைந்திருக்க வேண்டும். 'யூபிஎன்பி' வீட்டுக் கருவிகள் தாமாகவே வெளியே வாசல் திறந்துகொள்ள விடுகிறது. அதையும் அணையுங்கள். இணைய விளையாட்டு ஏதாவது முரண்டு பிடித்தால் மட்டும் திரும்பப் போடலாம்.

'டிஎன்எஸ்' என்ற இடத்தையும் ஒரு முறை பாருங்கள். நீங்கள் தட்டும் வங்கி முகவரி எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் விலாசப் புத்தகம் அது. நிர்வாகப் பூட்டு இல்லாத ரவுட்டருக்குள் புகுந்தவர்கள் முதலில் மாற்றுவது இதைத்தான். 'தானாகப் பெறு' என்று இருந்தால் சரி. நீங்கள் வைக்காத எண் ஏதாவது அங்கே இருந்தால் இணைய நிறுவனத்திடம் கேளுங்கள். அதுவரை அந்த வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கியையோ, 997 என்ற தேசிய மோசடி பதில் மையத்தையோ அழையுங்கள்.

கடைசியாக, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலுக்குத் திரும்பிப் போங்கள். ஒவ்வொன்றாக வீட்டில் உள்ள கருவியோடு ஒப்பிட்டுப் பெயர் வையுங்கள். இப்போதைய கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு வேறு மேக் முகவரியைக் காட்டும், அதனால் தெரியாத ஒன்று இருந்தால் உடனே பதற வேண்டாம். வீட்டுக் கைப்பேசிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது எதுவென்று தெரிந்துவிடும். அத்தை வீட்டில் அன்று பட்டியல் ஒன்பதில் வந்து நின்றது.

இடி விழுந்த பிறகு

எல்லாம் முடிந்ததும் 'பேக்கப்' என்ற இடத்தில் அமைப்புகளை ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். நோட்டில் ஆறு வரி இருக்க வேண்டும்: ரவுட்டர் எண், நிர்வாகக் கடவுச்சொல், வைஃபை பெயர், அதன் சொல், விருந்தினர் பெயர், அதன் சொல். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் ரவுட்டரின் மின்கம்பியைப் பிடுங்கி வையுங்கள். அந்தக் கம்பி வழியாக வரும் மின்னலில்தான் நம் ஊரில் ரவுட்டர்கள் அதிகம் போகின்றன.

அப்படிப் போய், டெக்னிசியன் புதுப் பெட்டி வைத்துவிட்டுப் போனால், அன்று வீடு மறுபடியும் பூட்டில்லாத வீடு. அடியில் ஒட்டிய தாளின் சொற்கள், திறந்த டபிள்யூபிஎஸ், எல்லாம் முதலிலிருந்து. நல்லவேளையாக இரண்டாம் முறை அரை மணி நேரம்தான். வைஃபை பெயர், சொல், குறியாக்க முறை மூன்றையும் நோட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் வைத்தால், வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவியும் பழைய பெட்டிதான் என்று நினைத்துத் தானாக இணைந்துகொள்ளும்.

போன ஏப்ரலில் அத்தை வீட்டு மாமரத்தில் மின்னல் இறங்கியது. ரவுட்டரும் தொலைக்காட்சியும் ஒன்றாகப் போயின. மறுநாள் மாலை அத்தை கூப்பிட்டார்.

"புதுப் பெட்டி வச்சிட்டுப் போயிட்டாங்கய்யா. நான் இன்னும் யாருக்கும் நம்பர் குடுக்கல. நோட்டை எடுத்து மேசை மேல வச்சிருக்கேன், நாளைக்குக் காலையில பசியாற வந்துரு."